கரெக்‌ஷன் ரவுண்டு பத்தி நம்ம ஸ்டுடியோ கஸ்டமர்ஸுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க. அடுத்த மாசத்துல இருந்து ஒரு பாட்டோட மிக்ஸிங் (தனித்தனியா பதிவு பண்ண வாய்ஸ், வாத்தியத்தையெல்லாம் அளவு பார்த்து ஒண்ணா கலக்குறது) பேக்கேஜ்ல ரெண்டு ரவுண்டு கரெக்‌ஷன்தான் சேர்ந்து வரும், மூணாவதுல இருந்து தனி சார்ஜ். காசு பிடுங்கத்தான்னு சில பேர் நினைப்பீங்க, அதான் விளக்கமா எழுதிடலாம்னு.

1967 வாக்குல லண்டன் அபே ரோட் ஸ்டுடியோல கூட நாலு டிராக் டேப்தான், அதாவது நாலு தனித்தனி பதிவுக்குத்தான் இடம். நாலும் ரொம்பிடுச்சுன்னா எல்லாத்தையும் கலந்து இன்னொரு மெஷின்ல இறக்கிடுவாங்க, அப்புறம் வந்து டிரம்ஸ மட்டும் கொஞ்சம் ஏத்துங்கன்னா முடியவே முடியாது. இப்போ கம்ப்யூட்டர்ல எப்ப வேணா திறந்து எத வேணா மாத்தலாம், அதனால போதும்னு சொல்ல வேண்டியது நாமதான்.

மிக்ஸ் முடிஞ்சிடுச்சான்னு எங்களுக்கு உங்க மெசேஜ்லயே தெரிஞ்சிடும். முதல் ரவுண்டுல "ரெண்டாவது சரணத்துல வாய்ஸ் அமுங்குது", "தபேலா இடது பக்கம் அதிகமா இருக்கு"ன்னு வரும், அது நிஜமான வேலை, சந்தோஷமா செய்வோம். அப்புறம் "ஏதோ மிஸ் ஆகுது ப்ரோ"ன்னு வரும். அதுக்கப்புறம், போன ரவுண்டுல ஏத்தச் சொன்ன வாய்ஸயே இறக்கச் சொல்லி வரும் பாருங்க, அங்க மிக்ஸ் முடிஞ்சு போச்சு, இனிமே நடக்குறது காது களைச்சுப் போனவங்க பேசுறது. அந்த "ஏதோ மிஸ்" கூட பாதி நேரம் மிக்ஸிங் பிரச்சினையே இல்ல, புல்லாங்குழலும் பாடகியும் ஒரே ஸ்தாயில ஒரே நேரத்துல ஓடிட்டு இருப்பாங்க, அதுக்கு ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டு என்ன ஆகப்போகுது, ஒருத்தர நிறுத்தணும்.

இன்னொண்ணு சத்தம். ரெண்டு வெர்ஷன்ல எது துளி சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும், எங்க காதும் சேர்த்துதான். அதனால பழைய வெர்ஷனையும் புதுசையும் லெவல் சமமா வச்சுதான் அனுப்புவோம். ரிலீஸான பாட்டு மாதிரி இன்னும் லவுடா வேணும்னு கேக்குறவங்களுக்கு: ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல எல்லா பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, பாட்டு மொத்தமா எவ்வளவு சத்தமா கேக்குதுங்கறதோட அளவு) கொண்டு வந்துடும், நாம லிமிட்டர்ல (உச்ச சத்தத்த அமுக்குற கருவி) போட்டு நசுக்கி ஏத்துனா அவங்க மறுபடி இறக்கிடுவாங்க, டிரம்ஸோட அடி போனதுதான் மிச்சம். ராத்திரி சின்ன சத்தத்துல கேட்டுட்டு பேஸே (bass, அடித்தொனி) இல்லன்னும் எழுதாதீங்க, சத்தம் குறைஞ்சா பேஸ் காதுக்கு இன்னும் குறைவாத்தான் கேக்கும், 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து காட்டிட்டாங்க. போன் ஸ்பீக்கர்ல பேஸ் கிட்டார் கேக்கலன்னா தப்பில்ல, ஆனா போன்ல பாட்டு வரி புரியலன்னா அது எங்க வேலைதான், சொல்லுங்க.

இனிமே மிக்ஸ் வந்தா அன்னைக்கே பதில் போடாதீங்க, காலையில எழுந்து முழுப் பாட்டா ஒரு தடவ நிறுத்தாம கேளுங்க, டிரைவ் லிங்க்ல இருக்குற வேவ் ஃபைல்ல (WAV, சுருக்காத ஒரிஜினல்) கேளுங்க, வாட்ஸப்ல யாரோ ஃபார்வர்ட் பண்ண ஆடியோவ வச்சு முடிவு எடுக்காதீங்க. பேண்டா இருந்தா நாலு பேரும் பேசி ஒருத்தர் மட்டும், எத்தனாவது நிமிஷம் எத்தனாவது செகண்டுன்னு போட்டு ஒரே மெசேஜா அனுப்புங்க. (அக்கா பையன் கேட்டான், மாமா கேட்டாருன்னு வர்ற கருத்தெல்லாம் ரவுண்டு கணக்குல சேரும், இப்பவே சொல்லிட்டோம்.)

ழகரம் லகரமா விழுந்திருக்கு, வரி மாறிடுச்சு, எங்க எடிட்ல க்ளிக் சத்தம் கேக்குது, இதெல்லாம் எத்தனாவது ரவுண்டா இருந்தாலும் சார்ஜ் இல்ல. புது டேக் பாடணும்னா மட்டும் வாய்ஸ் பூத் நேரத்துக்கு காசு.

ரிலீஸ் தேதி குறிச்சவங்க கவனிங்க. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் எடிட்டர்ஸுக்கு பாட்ட அனுப்ப ரிலீஸுக்கு 7 நாளாவது முன்னாடி வேணும், அதுக்கும் முன்ன டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட (பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல ஏத்தித் தர்ற கம்பெனி) அப்லோட் ஆகியிருக்கணும், அதனால கடைசி ஓகே மூணு வாரம் முன்னாடியே வந்துட்டா நல்லது. இப்போ ஏற்கெனவே நடந்துட்டு இருக்குற பாட்டுங்களுக்கு பழைய முறைதான்.