மாமாவுக்கு, உடுக்கு 2 பற்றி

அன்புள்ள மாமா,

"அந்தப் பழைய பெட்டி என்னவாச்சு?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பதில் ஒரு வரியில் அடங்காது. குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே போடுகிறேன். உங்களைப் போன்றவர்கள் கப்பலில் அனுப்பிய இசைக் கீபோட்கள் வன்னியில் இன்னும் எத்தனை வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கின்றனவோ.

பெட்டி உயிரோடு இருக்கிறது. அக்காவின் மகன்தான் முள்ளியவளையிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு, என் கடைக்குக் கொண்டுவந்தான். கனடாக் கரண்டுக்குச் செய்த சாமான் என்று தெரிந்து வோல்ற்றைக் குறைக்கும் ஸ்ரெப்டவுன் ஒன்றும் வாங்கி வைத்திருந்தான். கெட்டிக்காரன். இல்லாவிட்டால் நம்முடைய 230 வோல்ற் அன்றைக்கே கதையை முடித்திருக்கும்.

போட்டவுடன் திரையில் வெளிச்சம் வந்தது. டிஸ்க் கேட்டது. உங்கள் என்சோனிக் ஈபிஎஸ், சத்தங்களைப் பதிந்து கட்டைகளில் வாசிக்கிற கீபோட், 1988ஆம் ஆண்டுச் சரக்கு. ஓடுவதற்கான மென்பொருளைக்கூடப் பிளொப்பியில் இருந்துதான் எடுக்கும். டிஸ்க் இல்லாவிட்டால் 61 கட்டையும் வெறும் பிளாஸ்ரிக். நீங்கள் சிவப்புப் பேனையால் "முதல் இது" என்று எழுதியதைப் போட்டேன். கிர்ர், கிர்ர், பிறகு பிழை. "டிரைவ் போச்சு" என்று மருமகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். திறந்து பார்த்தால் டிரைவுக்குப் பின்னால் மூன்று பல்லி முட்டை, நிறையச் செம்மண் புழுதி. ஆனால் உண்மையான நோய் டிரைவில் இல்லை மாமா. ஒரு பிளொப்பியின் தகரக் கதவை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்புத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், பழைய கண்ணாடியில் வருமே, அதைப் போல. அதைப் படிக்கப் போன டிரைவின் வாசிக்கும் தலையிலும் அந்த அழுக்குத்தான் அப்பியிருந்தது.

இந்த இடத்தில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். பிளொப்பி டிரைவுக்குப் பதிலாகப் பூட்டி, யூஎஸ்பி குச்சியைப் பிளொப்பியாகக் காட்டும் எமுலேற்றர் ஒன்றை இணையத்தில் வாங்கி, பழைய டிஸ்க்குகளைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு "சத்தங்கள் எங்கே?" என்று கேட்கிறார்கள். எமுலேற்றர் வெறும் சட்டி. சோறு டிஸ்க்கில் இருக்கிறது. கொம்பனி கொடுத்த பியானோவும் வயலினும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு நீங்கள் பிடித்த தவிலும் உடுக்கும் அந்த 37 பிளொப்பிகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. புதிதாகப் பிளொப்பி வாங்கிப் பிரதி எடுப்போம் என்றாலும் லேசில்லை, சோனியே 2011இல் விற்பனையை நிறுத்திவிட்டது. அதனால் முதல் வேலை பிரதி, பூட்டுவது பிறகு.

கடையில் இருந்த யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் உங்கள் டிஸ்க்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொம்பியூட்டர் 720 கிலோபைற் எழுதுகிற அதே தகட்டில் ஈபிஎஸ் 800 எழுதுகிறது. ஒரு தடத்தில் 9 துண்டு போடவேண்டிய இடத்தில் 10 துண்டு. அந்தச் சின்ன டிரைவுக்கு இந்தக் கணக்குப் புரியாது. ஆகவே கிறீஸ்வீசல் என்றொரு சின்ன மின்சுற்றுப் போட்டை வரவழைத்தேன். உடைத்துப் போட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றின் பிளொப்பி டிரைவை அதில் கொழுவினால், தகட்டில் காந்தம் மாறுகிற ஒவ்வொரு இடத்தையும் நேரம் குறித்து வாசிக்கும். எந்தக் கொம்பனி எப்படி எழுதியது என்பதைப் பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். என்சோனிக் வடிவம் அதற்கு ஏற்கனவே தெரியும்.

பூஞ்சணம் பிடித்ததை அப்படியே போட்டால் அந்தத் தலையும் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றாகக் கழுவினேன். இடது கையால் தகரக் கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்ல இழுக்க வேண்டும். பின்பக்க உலோக வட்டத்தைப் பெருவிரலால் கொஞ்சம் சுற்றி, அடுத்த இடம். இரண்டு பக்கமும். காய்ந்த பிறகுதான் டிரைவுக்குள். ஒரு டிஸ்க்குக்குக் கால் மணித்தியாலம். பிள்ளைக்குக் காது துடைப்பதைப் போல வேலை. 29 டிஸ்க் ஒரே மூச்சில் வந்தது. 6 டிஸ்க் இரண்டு மூன்று தரம் கெஞ்ச வைத்தது. 2 வரவே இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, பூட்டிய கதை. வாங்கியது கோட்டெக் என்ற சீனத்து எமுலேற்றர். வருகிற போது 1.44 மெகாபைற் மட்டும்தான் அதற்குத் தெரியும், உங்கள் பெட்டிக்குச் சரிவராது. கீர் பிரேசர் என்பவர் எழுதி இலவசமாக விட்டிருக்கும் பிளாஷ்பிளொப்பி என்ற மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். கிறீஸ்வீசலும் அவருடைய வேலைதான். அந்த மனிதருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஏற்றிவிட்டு, யூஎஸ்பி குச்சியில் வைக்கும் அமைப்புக் கோப்பில் 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் என்சோனிக் என்று எழுதினால் 800 கணக்கு அதற்குப் பிடிபடுகிறது.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். 34 கம்பிப் பட்டிக் கேபிளை மறுபக்கமாகக் கொழுவிவிட்டேன். லைற் பற்றினது பற்றினபடி நின்றது. நல்ல காலம், அதனால் ஒன்றும் எரியவில்லை. கரண்ட் வயரை அப்படி மாற்றியிருந்தால் 5 வோல்ற் போக வேண்டிய இடத்துக்கு 12 போயிருக்கும். அதை மட்டும் மல்ரிமீற்றர் வைத்துப் பார்க்காமல் கொழுவுவதில்லை. கேபிளைத் திருப்பிய பிறகும் டிஸ்க்கைக் காணவில்லை என்றது. எந்த இலக்க டிரைவ் என்று சொல்லும் குட்டி ஜம்பரைப் பக்கத்து இடத்துக்கு மாற்றினேன், பிடித்துவிட்டது. பெட்டியில் ஒரு இடமும் வெட்டவில்லை. உங்கள் பழைய டிரைவைத் துடைத்துப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன்.

யூஎஸ்பி என்றதும் மருமகன் மின்னல் வேகத்தில் ஏறும் என்று நினைத்தான். ஏறாது. அந்தப் பக்கம் இருப்பது 1988இன் மூளை, நொடிக்கு 250 கிலோபிற் என்ற பழைய நடையில்தான் வாங்கும். எமுலேற்றரும் தகடு சுற்றுவதைப் போல நடித்து, அந்த நடையிலேயே கொடுக்கிறது. நேரத்தில் மாற்றமில்லை. ஆனால் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டுக்கான சத்தத்தை ஏற்றலாம் என்பதுதானே இந்தப் பெட்டியின் பெருமை, அது இப்போதும் அப்படியே. கோயில் திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேற்றருக்கு மாறும்போது ஏற்றியது எல்லாம் நினைவிலிருந்து அழிந்துபோகும். அப்போது 37 டிஸ்க் பெட்டியை இருட்டில் தடவாமல் ஒரு குமிழைத் திருகினால் போதும். யுத்தத்தில் பற்றரிக்கே தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அதுவே பெரிய வசதி.

கிர்ர் சத்தம் இல்லாதது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒட்டினால் அந்தச் சத்தத்தையும் போலியாகப் போடுமாம். மருமகன் வேண்டாம் என்றுவிட்டான்.

வைகாசியில் வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கல். அதற்கு முன்னால் உங்களிடம் இரண்டு விசயம் கேட்க வேண்டும்.

வராத இரண்டில் ஒன்றில் "மணி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், மற்றதில் ஒன்றும் இல்லை. பேஸ்மென்ற்றில் வேறு பிரதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்த டிரைவிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். துணியில் சுற்றி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மற்றது, "உடுக்கு 2" என்று நீங்கள் பெயர் வைத்த சத்தம். அடி முடிந்து ஒலி தேய்கிற இடத்தில் யாரோ "கதவைச் சாத்து, குளிருது" என்கிறார்கள். கீழ்க்கட்டையில் அமத்தினால் கிழவன் குரல், நடுவில் பெண் குரல், மேலே போனால் கோழிக்குஞ்சு. உடுக்கை நீங்கள் எந்தக் கட்டையில் வைத்துப் பிடித்தீர்கள் என்று தெரியாததால், பேசுவது நீங்களா மாமியா என்று இங்கே சண்டை நடக்கிறது. அந்த வாலை வெட்டிவிடுவோம் என்றேன், மருமகன் விடுகிறான் இல்லை. மாமியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்
புதுக்குடியிருப்பு