மிளகு நாற்று வாங்கியவர்களுக்கும் வாங்க இருப்பவர்களுக்கும்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலையடிவாரத்தில் உள்ள எங்கள் நாற்றுப்பண்ணையில் மிளகு வாங்கிச் சென்றவர்கள் தொலைபேசியில் அழைத்தால், பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். கொடி மாடி வரை ஏறிவிட்டது, ஆனால் ஒரு மணி மிளகுகூடக் காணோமே என்பது ஒன்று. நேற்று வரை பளபளப்பாக இருந்த செடி இன்று காலையில் வாடித் தொங்குகிறதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை, வாங்கிய நாற்று மிளகுக்கொடியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, தயவுசெய்து தண்ணீரை நிறுத்துங்கள் என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. இவ்விரண்டையும் அவசரத்தில் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாததால் இந்த மடலை எழுதுகிறோம்.

மிளகுக்கொடியில் மூன்று விதமான தண்டுகள் உண்டு. மரத்தைப் பற்றிக்கொண்டு நேராக மேலே ஏறுவது தாய்த்தண்டு. அதன் ஒவ்வொரு கணுவிலும் பற்றுவேர்கள் இருக்கும். கொடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையில் ஓடுவது ஓடுகொடி. தாய்த்தண்டின் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, இலைக்கு எதிர்ப்புறத்தில் சரம் விடுவது பக்கக் கிளை. மிளகு காய்ப்பது இந்தப் பக்கக் கிளையில் மட்டும்தான். ஓடுகொடியை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி வேர்விடச் செய்தால் கிடைப்பது கொடி மிளகு. அது பற்றி ஏற ஒரு தாங்கு மரம் வேண்டும். சில அடி உயரம் ஏறிய பிறகே பக்கக் கிளைகளை விடத் தொடங்கும். ஓரளவு நல்ல காய்ப்பைப் பார்க்க மூன்றாம் ஆண்டு ஆகிவிடும். பக்கக் கிளையையே வெட்டி வேர்விடச் செய்தால் கிடைப்பது புதர் மிளகு. அது ஏறாது, இடுப்பளவு உயரத்தில் புதராகவே நின்று, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே இரண்டொரு சரமாவது காட்டிவிடும்.

புதர் மிளகின் விலை ஏன் இவ்வளவு கூடுதல் என்று கேட்பவர்களுக்கும் இதுவே விளக்கம். ஓடுகொடித் துண்டு எளிதில் வேர்விடும். பக்கக் கிளை அப்படியன்று. ஓராண்டு முதிர்ந்த கிளையாகப் பார்த்து எடுத்து, வேரூக்கியில் நனைத்து, ஈரப்பதம் குறையாமல் பாலித்தீன் உறையால் மூடி வைத்துக் காத்திருந்தாலும், வைத்தவற்றில் கணிசமானவை அழுகிப் போகும். பால்கனியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்க்க நினைப்பவர்கள், விலை குறைவு என்பதற்காகக் கொடி மிளகை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கம்பில் ஏற்றி அழகுச் செடியாக அதை வளர்க்கலாம். ரசத்துக்கு மிளகு எதிர்பார்ப்பவருக்கு அது ஏமாற்றத்தையே தரும். வீட்டைச் சுற்றித் தென்னை, பாக்கு, பலா போன்ற மரம் நிற்கிறதென்றால் நிலைமை தலைகீழ்: அங்கே கொடி மிளகே சரி, புதர் மிளகு வேண்டாத செலவு.

கடையில் வாங்கிய மிளகை விதைத்தேன், முளைக்கவில்லை என்பவர்களும் உண்டு. வெயிலில் காய்ந்து கறுத்த மிளகில் முளைப்புத் திறன் எஞ்சியிருப்பதில்லை. கொடியில் சிவந்து பழுத்த மணியை உடனே விதைத்தால் முளைக்கும்; ஆனால் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும், தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவேதான் மிளகு விளையும் ஊர்களில் எல்லாம் தண்டுத் துண்டுகளிலிருந்தே நாற்று எடுக்கிறார்கள்.

வகையைப் பொறுத்தவரை நாங்கள் முதன்மையாகத் தருபவை இரண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் மிளகு ஆராய்ச்சி நிலையத்தில், உதிரங்கொட்டா, செரியகாணியக்காடன் என்னும் இரண்டு நாட்டு வகைகளை இணைத்து உருவாக்கப்பட்ட பன்னியூர்-1 ஒன்று. நீளமான சரமும் பருத்த மணியும் உடையது. ஓரளவு வெளிச்சம் கிடைத்தால்தான் நன்றாகக் காய்க்கும். கரிமுண்டா மற்றொன்று. மணி சிறியது, ஆனால் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். தென்னந்தோப்பின் ஓரத்திலோ கிழக்குப் பார்த்த பால்கனியிலோ வைப்பவர்கள் பன்னியூரையும், அடர்ந்த பலா அல்லது மாமர நிழலில் வைப்பவர்கள் கரிமுண்டாவையும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, செடி சாகும் காரணத்துக்கு வருவோம். மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்கு உரிய கொடி. மழை மிகுதியாகப் பெய்யும் இடம் என்பதை வைத்து அது தண்ணீரில் நிற்க விரும்பும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காட்டில் மண்ணின் மேல் மட்கிய சருகு தடிமனாகக் கிடக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் சரிவில் நீர் வடிந்துவிடும். ஈரம் இருக்கும், தேக்கம் இருக்காது. வீட்டுத் தொட்டியில் நேர்மாறாக நடக்கிறது. அடித்துளை மண்ணால் அடைபட்டிருக்க, தொட்டிக்கு அடியில் தட்டும் வைத்து, காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுகிறோம். காற்றில்லாத ஈரமண்ணில் வேர் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது. வாடிய இலையைப் பார்த்து மேலும் ஊற்றுகிறோம்.

இதே ஈரத்தில்தான் துரித வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரியும் பரவுகிறது. மழைக்காலத்தில் மண்துளிகள் தெறித்துப் படும் அடி இலைகளில், ஓரம் நூல்நூலாகப் பரவிய கரும்புள்ளிகள் முதலில் தோன்றும். அது தண்டின் அடிப்பகுதிக்கு இறங்கி, மண்ணை ஒட்டிய பட்டை கறுத்து நசநசவென்று ஆகிவிட்டால், இலைகள் சில நாட்களிலேயே தொங்கி உதிரும். அந்நிலையில் எந்த மருந்தும் பயன் தராது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை வேறு மிளகுச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். வருமுன் காப்பதே வழி. அடி இலைகள் தரையைத் தொடாதபடி கிள்ளிவிடுவதும், மண்ணின் மேல் சருகு மூடாக்குப் போட்டு மழைநீர் தெறிப்பதைத் தடுப்பதும், நோய்க்கிருமியை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்துடன் கலந்து மண்ணில் இடுவதும், மழை தொடங்குமுன் ஒரு சதவீத போர்டோ கலவையை ஒருமுறை தெளிப்பதும் பெரும்பாலான இழப்பைத் தவிர்க்கும்.

போர்டோ கலவையை வீட்டளவில் செய்வது கடினமன்று. பத்து கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டர் நீரிலும், பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. வானநீலத்தில் வரும் அந்தக் கலவையில் துருவில்லாத இரும்புக் கத்தி ஒன்றைச் சிறிது நேரம் நனைத்து எடுத்துப் பாருங்கள். கத்தியின் மேல் செம்பழுப்பாகச் செம்பு படிந்திருந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். படியாமல் நிற்கும்வரை சுண்ணாம்பு நீரைச் சேர்த்த பிறகே தெளியுங்கள். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைப்பதையும், கையுறை அணிவதையும் நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தொட்டிக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு கிலோ மண் கொள்ளும் தொட்டியோ வளர்ப்புப் பையோ புதர் மிளகுக்குப் போதும். செம்மண், மணல், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, செங்கல்லின் மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். நாள்காட்டியைப் பார்த்து ஊற்றும் பழக்கம் மிளகுக்கு ஆகாது. சென்னை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மிளகு சற்றே புளிப்பான மண்ணை விரும்பும். கார அமில நிலை ஐந்தரை முதல் ஆறரை வரை இருந்தால் நல்லது. உப்பு நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் படிவதோடு, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று இளம் இலைகள் மஞ்சளாகும். உரப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் உரமிடுவதால் அது சரியாகாது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்பு இன்னும் மிகுதி. சிக்கனம் கருதி அதை மிளகுக்கு ஊற்ற வேண்டாம்.

உரம் பெரிதாக வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கும், அதில் பாதி வேப்பம் பிண்ணாக்கும் பொடித்து மண்ணில் கிளறிவிட்டால் போதும். காலை வெயில் பத்து மணி வரை விழலாம். மேற்கு வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்துக் கருகும் என்பதால், சமவெளியில் ஐம்பது சதவீத நிழல்வலை தேவைப்படும். அறைக்குள் வைத்தால் செடி பிழைத்துக் கிடக்கும், காய்க்காது.

மரத்தில் கொடியை ஏற்றுபவர்கள், பிற்பகல் வெயில் தாக்காதபடி மரத்தின் வடக்குப் பக்கத்தில் குழி எடுங்கள். தென்னை என்றால் அடிமரத்தை ஒட்டி வேண்டாம். அங்கே தென்னையின் வேர்ப்பின்னல் அடர்த்தி, மூன்று நான்கு அடி தள்ளி நட்டுக் கொடியை மரத்துக்குக் கொண்டுபோகலாம். பற்றுவேர் ஒட்டும்வரை கணுக்களை வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கொடி ஓராண்டில் ஐந்தாறு அடி ஏறிய பிறகு, அதை மரத்திலிருந்து மெல்லப் பிரித்து இறக்கி, அடியில் வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மீண்டும் ஏற்றிவிடுவது மலபார்ப் பகுதியின் பழக்கம். புதைந்த கணுக்களிலிருந்து புதிய தண்டுகள் பல கிளம்பி மரத்தைச் சுற்றிலும் மூடும். மனம் வராது, இருந்தாலும் செய்து பாருங்கள்.

இலையின் அடியில் கண்ணாடி மணி போன்ற நுண்ணிய உருண்டைகளைக் கண்டு, பூச்சி முட்டை என்று பதறிப் படம் எடுத்து அனுப்புபவர்கள் ஏராளம். இளந்தளிரிலும் இலையடியிலும் மிளகுச் செடி தானே சுரக்கும் துளிகள் அவை; முதிர்ந்தால் கறுத்துப் போகும். விரலால் தடவினால் ஒட்டாமல் உருண்டு விழும். செடிக்குக் கேடில்லை, மருந்தும் வேண்டாம். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வேறு: அவை நரம்பை ஒட்டியும் கணுவிடுக்கிலும் அப்பிக்கொண்டிருக்கும், சுரண்டினால்தான் வரும். பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பங்குனி, சித்திரையில் நீரைச் சற்றுக் குறைத்து, செடி வாடிவிடாத அளவுக்கு மட்டும் கொடுத்து வந்தால், தென்மேற்குப் பருவமழையின் முதல் ஈரத்தில் தளிரோடு சரமும் வரும். பயிரிடும் வகைகளில் ஆண் பெண் உறுப்புகள் ஒரே பூவில் இருப்பதால் தேனீயை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மகரந்தம் சரத்தின் வழியே இறங்கிப் பரவ மழைத்துளியும் பனித்துளியும் உதவுகின்றன. கூரைக்குக் கீழே இருக்கும் பால்கனியில் அந்த மழை விழாததால்தான் சரத்தில் மணிகள் விட்டுவிட்டுப் பிடிக்கின்றன. பூத்திருக்கும் நாட்களில் கைத்தெளிப்பானால் சரத்தின் மேலிருந்து கீழாக மென்மையாக நீரைத் தூவுங்கள்.

காய் முற்ற ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறியதும் அந்தச் சரத்தைப் பறித்துவிடலாம். மணிகளை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் சீராகக் கறுக்கும், விரைவில் காயும். ஒரு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே ஒரு தொட்டியைக் கொண்டு ஆண்டுச் செலவுக்கு மிளகு வாங்காமல் இருந்துவிடலாம் என்று நாங்கள் யாருக்கும் உறுதி கூறுவதில்லை. பொங்கலுக்கும் ரசத்துக்கும் அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம்.

துரித வாடலுக்குத் தாங்கும் என்று மிளகின் உறவுச் செடியான பிரேசில் திப்பிலியை வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் ஒட்டுக் கட்டிய மிளகையும் பலர் கேட்கிறார்கள். நீர் தேங்கும் இடத்திலும் அதன் வேர் தாக்குப்பிடிப்பது உண்மை. அதே வேர் வறட்சியைத் தாங்காது. இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் செடி துவண்டிருக்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் திப்பிலித் தளிர்களையும் அவ்வப்போது கிள்ள வேண்டும். தாழ்வான, ஈரம் வடியாத கொல்லை உள்ளவர்கள் மட்டும் கேளுங்கள். மற்றவர்களுக்குச் சாதாரண நாற்றே நலம்.

இனிமேல் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பையிலும் கொடியா, புதரா, ஒட்டா என்பதையும் வகையின் பெயரையும் எழுதிக் கட்டியிருப்போம். முன்பு வாங்கியவர்கள் செடியைக் கண்டே அறியலாம்: கணுக்களில் பற்றுவேரோடு நேராக மேலே போனால் கொடி, பற்றுவேரின்றிக் கிளைத்துப் படர்ந்தால் புதர். சித்திரை, வைகாசியில் சமவெளி ஊர்களுக்கு நாற்று அனுப்புவதில்லை; வெயில் தணிந்த பின்பே பதிவு வரிசைப்படி அனுப்புவோம். ஐயம் கேட்டுப் படம் அனுப்பும்போது செடியின் முழு உருவத்தோடு, மண்ணை ஒட்டிய அடித்தண்டு, ஓர் இலையின் அடிப்பக்கம், தொட்டியின் அடித்துளை ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்பினால் எங்களால் விரைவாகப் பதில் சொல்ல இயலும்.

இங்ஙனம்,
நாற்றுப்பண்ணையினர்