உழவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு 6 முறை கூடியது. வாய்க்கால் தூர்வாரல், விதைநேர்த்திப் பயிற்சி, மண் பரிசோதனை வழக்கம்போல் நடந்தன.

எலிப்பொறி வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன பருவத்தில் பொறிகள் துருவேறி, எலி இரையைத் தின்றுவிட்டுப் போன பிறகும் விழாமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதனால் இம்முறை நாற்று விட்டதுமே, துருவேறாமல் இருக்கக் கறுப்புச் சாயமும் மெழுகும் ஏற்றுவதற்காகச் சங்கப் பொறிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கம்பித் தூரிகையால் மண்ணையும் காய்ந்த ரத்தத்தையும் தேய்த்தோம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கையுறை இல்லாமல் யாரையும் தொடவிடவில்லை. அப்புறம் சலவைச் சோடா போட்ட நீரில் கொதிக்கவைத்தோம். புதுப் பொறியில் பூசியிருக்கும் எண்ணெய் போகாவிட்டால் சாயம் பிடிக்காது. அலசித் தொங்கவிட்டு, லேசாகச் செந்துரு படர்ந்த பிறகு, கடுக்காய் இடித்துக் காய்ச்சிய நீரில் ஊறப்போட்டோம். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும்; அந்தக் காலத்து மையும் இப்படித்தான் செய்தார்கள். காலையில் எடுத்தபோது பொறிகள் பளபளப்பு போய் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன.

கடைசியாக மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் என்பதால் கொதிநீர் அண்டாவுக்குள் சட்டியை இறக்கி உருக்கினாலே போதும், நேரடித் தீ ஆபத்து. பொறிக்கும் அதே சூடு ஏறும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தவை தடிமனாகப் படிந்து செதில் செதிலாக உதிர்ந்தன. கொக்கி முனையில் மெழுகு நின்ற ஒரு பொறி, வைத்த உடனே வழுக்கி விழுந்து என் கட்டைவிரல் நகத்தைக் கறுக்க வைத்தது. அதன்பின் முனையைத் துடைக்காமல் ஒன்றையும் கொடுக்கவில்லை.

60 உறுப்பினர்களில் இந்த வேலைக்கு வந்தவர்கள் 17 பேர். சிலர் பொறியை வாங்கிப்போக மட்டும் ஆள் அனுப்பினார்கள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வயலில் பொறி வைத்துப் பக்கத்து வயலில் வைக்காவிட்டால், காலியான வளைக்குப் புது எலி குடிவந்துவிடும். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். பயிர் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டும் பருவத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிக்காவிட்டால், தண்டுக்குள் கதிர் உருவாகிப் பொதி கட்டும்போது குட்டி பெருகிவிடும். வராதவர் வரப்பிலிருந்து வந்தவர் வயலுக்கு எலி போனதை நானே பார்த்தேன்.

சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. விறகு, கடுக்காய், மெழுகுச் செலவு போகக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அண்டா கொடுத்தவருக்கும், மூன்று நாள் அடுப்பருகே நின்ற இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் என்னையே செயலாளராக இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஆனால் சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரம்தான் மெழுகு மீதி. அடுப்பருகே நிற்க விரும்புவோர் பெயர் எழுத வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்