மௌஸைத் தொடாமல் ஒரு பாட்காஸ்ட் வகுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா வருகிறது. அதையொட்டிப் பாட்காஸ்ட் பயிலரங்கு நடத்த நினைக்கும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: பார்வையற்றவரும் வந்து கற்கும்படி அதை அமையுங்கள். இதற்குத் தனிக் கருவி, தனி அறை எதுவும் வேண்டாம். “இங்கே கிளிக் பண்ணுங்க, அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்க” என்பதை விட்டுவிட்டு, எந்த விசை, என்ன கேட்கும் என்று சொல்லத் தெரிந்த பயிற்றுநர் ஒருவர் போதும்.

விண்டோஸ் கணினிக்கு, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், ஒலியைப் பதிந்து தொகுக்க ஆடாசிட்டி, இரண்டுமே இலவசம். ரீப்பர் என்ற இன்னொரு தொகுப்பு மென்பொருள், திரைவாசிப்பானுடன் இயங்க உதவும் ஓசாரா என்ற துணைநிரலை இணைத்தால், ஆடாசிட்டியைவிட வல்லது என்பார்கள். உண்மைதான். ஆனால் நினைவில் வைக்க வேண்டிய விசைகள் ஏராளம் என்பதால் முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

புதியவர் முதலில் தடுக்கி விழுவது திரைவாசிப்பானின் குரலில்தான். கணினி ஒலிபெருக்கியில் அது பேசினால் மைக் அதையும் சேர்த்துப் பதிந்துவிடும். காதை மூடும் ஹெட்ஃபோன் கட்டாயம், அதுவும் கம்பியுள்ளது. புளூடூத் ஹெட்செட்டின் மைக் விழித்துக்கொண்டால் குரல் பழைய தொலைபேசிபோல் ஒடுங்கிவிடும். பதிவுச் சாதனமாக ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ தேர்வாகியிருந்தால், பேசியவர் குரல் இல்லாமல் திரைவாசிப்பானின் குரல் மட்டும் பதிவாகியிருக்கும்! பதியும்போது அதை முழுதாக அமைதிப்படுத்த, பேச்சு நின்றுவிட்டதாக அறிவிக்கும்வரை இன்சர்ட்டுடன் எஸ் விசையை அழுத்தலாம். முடிந்ததும் திரும்பவும் அழுத்த மறந்தால் கணினி பழுதாகிவிட்டதோ என்று பதற நேரும்.

மைக் விஷயத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது யுஎஸ்பி இணைப்புள்ள டைனமிக் மைக். கண்டென்சர் மைக் மின்விசிறியையும் ஏர்கானையும் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியையும் ஒன்றுவிடாமல் சேகரிக்கும். உதட்டுக்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல்களைச் சேர்த்து வையுங்கள், அவ்வளவுதான் தூரம். வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைத்தால், ‘பாட்டு’, ‘பேச்சு’ என்று தொடங்கும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதாது. சுவர் உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற இரைச்சலான புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி தருகிறது. அதற்கு முன்போ பின்போ, அல்லது சனி, ஞாயிறிலோ பதியலாம். விடியலில் கூவும் குயிலுக்கு மட்டும் இந்த விதி பொருந்துவதில்லை.

ஒலியளவு காட்டும் மீட்டரைப் பார்க்க முடியாதே என்ற கேள்வி எப்போதும் எழும். பார்க்கவே வேண்டாம். வழக்கமான குரலில் பத்து வினாடி பேசிப் பதியுங்கள். கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஒலியைக் கூட்டும் ‘ஆம்பிளிஃபை’யைத் திறந்தால் ஓர் எண் இருக்கும். உச்ச ஒலி எல்லையைத் தொட இன்னும் எத்தனை டெசிபல் பாக்கி என்பதே அந்த எண். 6 முதல் 12 வரை இருந்தால் நல்ல பதிவு. சுழியம் என்றால் ஒலி எல்லையில் முட்டிக் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மைக்கின் உள்ளீட்டு அளவைக் குறைத்துத் திரும்பப் பதிய வேண்டும், கிழிந்ததைப் பிறகு தைக்க முடியாது. 20க்கு மேல் என்றால் குரல் மிகச் சன்னம். அப்போது அளவைக் கூட்டுவதைவிட மைக்கை நெருங்குவதே மேல். அளவைக் கூட்டினால் ஏர்கானும் சேர்ந்து உயரும். எண்ணைக் கேட்டதும் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

வெட்டுவதும் காதால்தான். ஸ்பேஸ் விசையில் ஒலி ஓடும். பிழை தொடங்கும் இடத்தில் இடப்பக்கச் சதுர அடைப்பு விசை, முடியும் இடத்தில் வலப்பக்க விசை. சி விசையை அழுத்தினால், வெட்டிய பின் எப்படி ஒலிக்கும் என்பதை வெட்டாமலே கேட்கலாம். சரியென்றால் டிலீட். கை எப்போதும் காதுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும் என்பதால் ஷிஃப்டுடன் அம்புவிசையை அழுத்தி எல்லையை நகர்த்தத் தெரிய வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரும் என்பது திரையின் உருப்பெருக்கத்தைப் பொறுத்தது. அதைப் பார்க்க முடியாதவர் முதலில் கன்ட்ரோல்-2 அழுத்தி இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு தட்டும் வினாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நகரும். இது தெரியாமல் “ஆடாசிட்டி எனக்கு ஒத்துவராது” என்று கைவிடுவது எளிது.

மௌன இடைவெளிகளைத் தானாகச் சுருக்கும் ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ வசதியில் தமிழுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. ‘பத்து’, ‘பட்டம்’ என்று சொல்லும்போது இரட்டித்த வல்லினத்தில் ஒரு கணம் ஒலியே அடைபட்டு நிற்கிறது. கால அளவை அரை வினாடிக்கு வெகுவாகக் கீழே இறக்கினால், மென்பொருள் அந்த அடைப்பையும் மௌனமென்று எண்ணி நறுக்கும், ‘பத்து’ பாதியாகிவிடும்.

கடைசியாக, நிகழ்ச்சி முழுவதன் ஒலியளவைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’. பெட்டியில் −23 என்றிருக்கும். அது ஒளிபரப்புக்கான அளவு. பாட்காஸ்டுக்கு −16 ஆக்குங்கள். மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3யாக ஏற்றுமதி செய்தால் அரைமணி நேர நிகழ்ச்சி ஏறக்குறைய 14 எம்பியில் அடங்கும். பார்வையுள்ளவர் துணை உண்மையிலேயே தேவைப்படுவது அட்டைப் படத்துக்குத்தான்: ஆப்பிள் பாட்காஸ்ட் தளம் கேட்பது 1400 முதல் 3000 பிக்சல் வரையிலான சதுரப் படம்.

குறிப்பை விரலால் படித்தபடி பேச விரும்புவோருக்குப் பிரெயில் திரை பெரிய உதவி, விலைதான் கடிக்கும். உடற்குறையுள்ளோருக்கான உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை தருகிறது; ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. கருவிகளைத் தொட்டுப் பார்க்க லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோரை மனத்தில் வைத்து அமைத்த எனேபலிங் வில்லேஜ் வளாகத்துக்குப் போகலாம்.

ஏற்பாட்டாளர்களுக்கு இன்னொன்று. ஒரு பயிற்றுநருக்கு நால்வருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு காதில் திரைவாசிப்பானையும் மறு காதில் பயிற்றுநரையும் கேட்டாக வேண்டும். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாமல், நாள், நேரம், இடம், பதிவுசெய்யும் முறை நான்கையும் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் தேதி, யாரை அழைக்கிறீர்களோ அவர்களுக்கே போய்ச் சேராது.

இப்படிக்கு,
ஒலித்தொகுப்புப் பயிற்றுநர்கள் இருவர்,
தோ பாயோ