நீதவானுக்கு வாக்குப்போடுற கதை வேண்டாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வாள்வெட்டு வழக்கிலை சந்தேகநபருக்குப் பிணை எண்டு செய்தி வந்தாக் காணும், அமெரிக்கா மாதிரி சனம் வாக்குப்போட்டு நீதவான்மாரை வீட்டை அனுப்போணும் எண்டு ஃபேஸ்புக்கிலை தொடங்கிவிடுவினம். அங்க என்ன நடக்குது எண்டு பாத்துப்போட்டுக் கதைச்சா நல்லம்.

அங்க கன மாநிலங்களிலை நீதிபதியை எதிர்த்து ஆள் நிக்கிறேல்லை, சீட்டிலை அவற்ற பேர் மட்டும்தான், தொடர்ந்து இருக்கலாமோ எண்டதுக்கு ஓம், இல்லை. மிசூரி 1940இல தொடங்கின முறை. இல்லினோயிலை 60 வீதம் ஓம் வேணும், சிக்காகோ பக்கம் ஒரே சீட்டிலை ஐம்பதுக்கு மேல பேர் வருவினம், சனத்துக்கு ஒருத்தரையும் தெரியாது, அனேகமா எல்லாரும் பாஸ். ஆனா ஒரு வழக்கு பேப்பரிலை பெரிசா அடிபட்டா அந்த ஒராள் மாட்டினார். அலாஸ்காவிலை 2017இல ஒருத்தன் ஒரு பெண்ணைக் காரிலை ஏத்திக்கொண்டுபோய் கழுத்தை நெரிச்சு மயங்க வச்சு அசிங்கம் செய்தவன், அவனுக்கு வீட்டிலை காவலிலை இருந்த காலமே காணும் எண்டு அரச தரப்பும் எதிரித் தரப்பும் பேசி முடிச்சுக் கொண்டுவந்ததை 2018இல மைக்கேல் கோரி எண்ட நீதிபதி ஏற்றுக்கொண்டார். அவன் செய்ததைப் பாலியல் குற்றமா எடுக்க அப்ப அங்க சட்டத்திலை இடமில்லை. சனத்துக்கு வந்தது நியாயமான கோவம், ஆனா சட்டம் எழுதினவையிலை விழாமல் நீதிபதியிலை விழுந்தது, நவம்பரிலை அவர் தோத்துப்போனார். சட்டத்தை 2019இல தான் திருத்தினவை.

எங்கட ஊரை யோசியுங்கோ. புங்குடுதீவு மாணவி வித்தியாவின்ர கொலைக்குப் பிறகு 2015 மே 20 யாழ்ப்பாணக் கோட்டுக்கே கல்லெறிஞ்ச சனம் நாங்கள். அந்தக் கிழமை வாக்குப்பெட்டி வச்சிருந்தா ஒரு நீதிபதியாவது மிஞ்சியிருப்பாரோ? அதே வழக்கை மூண்டு மேல்நீதிமன்ற நீதிபதிமார் இருந்து விசாரிச்சு 2017 செப்டெம்பரிலை ஏழு பேருக்கு மரண தண்டனை குடுத்தவை, சாட்சி காணாத ரெண்டு பேரை விட்டும் விட்டவை. அந்த ரெண்டு பேரை விடுறதுக்குத்தான் துணிவு வேணும், அடுத்த வருசம் வாக்குக் கேக்கப்போற ஆளுக்கு அது வராது. ஏற்கெனவே இருக்கிற நெருக்குவாரம் காணாதே, 2023இல முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தல் எண்டு சொல்லி வேலையை விட்டிட்டு நாட்டைவிட்டே போனவர்.

அதுக்காக இப்ப இருக்கிறது திறம் எண்டு நான் சொல்லேல்லை. நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் பிரதம நீதியரசரும் ரெண்டு உயர்நீதிமன்ற நீதியரசர்மாரும் இருக்கிற நீதிச்சேவை ஆணைக்குழுதான் பாக்குது, ஒருத்தரை ஏன் மாத்தினம் எண்டு சனத்துக்கு ஆரும் சொல்லுறேல்லை. அலாஸ்காவிலை தேர்தலுக்கு முதல் நீதித்துறைச் சபை எண்ட ஒண்டு சட்டத்தரணிமார், பொலிஸ், ஜூரிமார் எல்லாரிட்டையும் ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் கேட்டு அதைப் பகிரங்கமா வெளியிடுது, கோரியையும் வச்சிருக்கலாம் எண்டுதான் அந்தச் சபை சொன்னது. வாக்கை விட்டிட்டு அந்த வேலையை இங்க கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கோ. இங்க வழக்கு இழுபடுறதையும் பாருங்கோ, தகப்பன் போட்ட காணி வழக்குக்கு மகன் கோட்டு வாசலிலை நிண்டு, பேர் கூப்பிட்டு ரெண்டு நிமிசத்திலை அடுத்த தவணை வாங்கிக்கொண்டு போறான். எந்தக் கோட்டிலை எத்தினை வழக்குக் கிடக்கு, எத்தினை தரம் ஆராலை தள்ளிப்போச்சு எண்டு வருசா வருசம் தமிழிலை வெளியிடட்டும், எங்கட பார் அசோசியேசன்காரர் இதை ஆணைக்குழுவிட்ட எழுத்திலை கேக்கோணும்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகர் ஒருவர்