எஞ்சின் திரும்பாது சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல நேரா மேல எழும்புற ஜெட் பத்தின கட்டுரை படிச்சேன். 2025 ஜூன்ல திருவனந்தபுரத்துல எறங்கி ஒரு மாசத்துக்கு மேல நகராம நின்னுச்சே அந்த எஃப்-35பி, அதுல ஆரம்பிச்சது நல்லாருந்துச்சு. ஆனா பிரிட்டிஷ்காரங்களோட ஹாரியர் ஜெட்ல எஞ்சினே கீழ்ப்பக்கமா திரும்பிக்கும்னு ஒரு வரி போட்டுட்டீங்க பாருங்க, சுருக்குன்னுச்சு. எஞ்சின் திரும்பாது சார், போட்ட எடத்துலயே இருக்கும். திரும்புறது பக்கத்துக்கு ரெண்டா இருக்குற நாலு நாசில், அதாவது காத்தும் புகையும் வெளிய வர்ற குழாய் வாய் மட்டும்தான், முன்னாடி ரெண்டுல விசிறிக் காத்து, பின்னாடி ரெண்டுல சூடான புகை, திருப்ப பைலட்டுக்கு கூடுதலா ஒரு லீவர், அவ்ளோதான்.

சின்ன தப்புன்னு விட்றாதீங்க, ஏன்னா நாசில மட்டும் திருப்புற இந்த வழிய பிடிக்காமத்தான் அவனவன் அந்த பாடு பட்டான். 1954ல ரோல்ஸ் ராய்ஸ்காரங்க ரெண்டு ஜெட் எஞ்சினை இரும்பு சட்டத்துல கட்டி பறக்க விட்டாங்க, பட்டப்பேரே பறக்கும் கட்டில். அமெரிக்கால எக்ஸ்-13னு ஒரு ஜெட், வால் கீழ, மூக்கு மேலன்னு செங்குத்தா எறங்கி கொக்கிய கம்பியில மாட்டணும், கொடியில சட்டை மாட்டுற கணக்கா. பிரான்ஸ்ல மிராஜ் 3வி, தூக்க மட்டும் எட்டு குட்டி எஞ்சின், முன்னாடி போக தனியா ஒண்ணு. 1966ல ஒலியை விட ரெண்டு மடங்கு வேகம் தாண்டுச்சு, இல்லங்கல, ஆனா வண்டி தள்ள எட்டு பேர கூப்பிட்டு, ஸ்டார்ட் ஆனதும் எட்டு பேரையும் உள்ள ஏத்திக்கிட்டு போற கதைதானே அது.

தூக்குறத விட நிக்க வைக்கிறதுதான் கஷ்டம். ஒரு தடவ மொட்டை மாடியில ஹோஸை சும்மா போட்டுட்டு மோட்டார் போட்டுட்டேன், பாம்பு மாதிரி துள்ளி காயப்போட்ட வத்தலெல்லாம் நனைஞ்சு போச்சு, வாங்கின திட்டு தனி. அந்தரத்துல நிக்கிற பிளேனும் அப்படித்தான், ஓட்டம் இல்லன்னா ரெக்கை மடல் எதுவும் கேக்காது, அதனால மூக்கு, வால், ரெக்கை நுனியில எஞ்சின் காத்தையே புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டுத்தான் சமாளிக்கணும்.

ஹாரியருக்கு முன்னோடியான பி.1127 அப்படித்தான் 1960 அக்டோபர் 21ல தரையோட கயிறு கட்டி மொத தடவ எழும்புச்சு, பைலட் பில் பெட்ஃபோர்ட் கால்ல மாவுக்கட்டோட உக்காந்து ஓட்டினாரு (பாத்ரூம்ல வழுக்கி இல்ல, கார் ஆக்சிடெண்ட்). இவ்ளோ எழுதினவரு, 1983லேர்ந்து 2016 வரைக்கும் நம்ம நேவியே சீ ஹாரியர் வச்சிருந்தத எப்படி விட்டாருன்னுதான் புரியல.

அடுத்த வாரம் திருத்தம் போடுங்க, நாசில் தெரியற மாதிரி ஒரு படத்தோட. உங்க கட்டுரைய பாத்து என் பேரன் ஸ்கூல் சார்ட்ல எஞ்சின் திரும்புற மாதிரி வரைஞ்சு கலரும் அடிச்சுட்டான், நான் சொன்னா பேப்பர்லயே போட்ருக்குன்றான்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை-44