பாட்டிலின் முன்பக்கத்தை நம்பி ஏமாந்தவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலை அரிப்புக்கு எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் அழகுக் குறிப்புப் பகுதிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. தயவுசெய்து அப்படிப்பட்ட குறிப்புகளை அப்படியே வெளியிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எளிதில் எரிச்சலாகும் தலைத்தோலோடு பல வருடமாக இருப்பவள் நான். "இயற்கை" என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய காலம் ஒன்று எனக்கும் இருந்தது.

முதலில் எனக்குத் தலையில் ஒன்றும் வரவில்லை, கண் இமையில்தான் வந்தது. காலையில் எழுந்தால் இரண்டு இமையும் சிவந்து தடித்திருக்கும், மாலைக்குள் தோல் வறண்டு மெல்லிய சருகாக உரியும். கண்மையைச் சந்தேகப்பட்டு நிறுத்தினேன், தலையணை உறையை மாற்றினேன், முகத்துக்குப் போடும் சோப்பை மாற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரிப்பு. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "தலைக்கு என்ன போடுறீங்க?" என்பதுதான். பல வருடமாக ஒரே ஷாம்புதான், அது எப்படிக் காரணமாக இருக்கும் என்றேன். ஒவ்வாமை அப்படித்தான் வரும், வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பொருளைக்கூட ஒரு நாள் உடம்பு வேண்டாம் என்று சொல்லிவிடும் என்றார். தலைத்தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். நுரை வழிந்து ஓடும் இமை, காது, கழுத்துத் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள், அடுத்த இரண்டு நாளில் மறுபடியும் பார்த்தார்கள். ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அது மெத்தில்ஐசோதயசோலினோன், ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதனப்பொருள். அந்த ஷாம்பு பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய பச்சை இலைப் படம் போட்டிருந்தது.

இந்தப் பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்ததால்தான் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பிறகு, தோலில் தங்கும் கிரீம்களில் இதைச் சேர்க்கவே கூடாது, கழுவிவிடும் பொருள்களில் 0.0015 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆனால் எல்லோருக்கும் இதுதான் எதிரி என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு வாசனைப்பொருள், இன்னொருவருக்கு டிஎம்டிஎம் ஹைடன்டாயின் போன்ற, ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பதனப்பொருள், வேறொருவருக்கு மென்மையானது என்று பேர் வாங்கிய, நுரைத்து அழுக்கை எடுக்கும் கோகமிடோபுரோபில் பீட்டைனே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தனக்கு எது ஆகாது என்று தெரிந்துகொள்வதுதான் காசை மிச்சப்படுத்தும் முதல் வேலை. எனக்கு அது தெரிவதற்குள் பாதி காலியான எட்டு பாட்டில்கள் அலமாரியில் சேர்ந்துவிட்டன.

சரி, கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது? பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். அளவு அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள், ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதலில் இருப்பது தண்ணீர், விலை உயர்ந்ததிலும் அதேதான். அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்கள்தான் உண்மையில் அழுக்கை எடுப்பவை. அங்கே சோடியம் லாரில் சல்பேட் இருந்தால் எரிச்சல் தலைக்கு வேண்டாம். சோடியம் லாரெத் சல்பேட் அதைவிடக் கொஞ்சம் சாது. டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு, சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் இவையெல்லாம் பொதுவாக மென்மையானவை. "சல்பேட் இல்லாதது" என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓலிஃபின் சல்ஃபோனேட் இருக்கலாம், அது எண்ணெய்ப் பசையை நன்றாகவே உரித்தெடுக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். பீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருளைப் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அந்தப் பெயருக்குப் பிறகு கற்றாழையும் பூச்சாறும் வரிசையாக வந்தால், அவை பெயருக்குத்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம், அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வாங்குவது, முன்பக்கத்தில் எந்தப் படமும் இல்லாத, பட்டியல் சின்னதாக இருக்கிற, வாசனை சேர்க்காத ஒரு சாதாரண ஷாம்புதான். "மணமற்றது" என்பதும் "வாசனைப்பொருள் சேர்க்காதது" என்பதும் ஒன்றல்ல. மணமற்றதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். பட்டியலில் பார்ஃபம் என்ற சொல் இருந்தால் வாசனை இருக்கிறது என்று பொருள்.

விலையை பாட்டிலுக்கு இவ்வளவு என்று பார்க்காமல் 100 மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஆனால் புதிதாக ஒன்றை முயலும்போது மலிவு என்று பெரிய பாட்டிலை வாங்க வேண்டாம், சின்னதே போதும். முழங்கையின் உள்பக்கம் சின்ன வட்டமாகத் தடவி, ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் இப்படிச் செய்து பார்த்து, சிவக்காவிட்டால் தலைக்குப் போங்கள். போடும்போதும் உள்ளங்கையில் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும், முடிக்கு வழிகிற நுரையே போதும். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது சரியில்லை. மிதமான சூட்டுத் தண்ணீர், நகம் படாத விரல் நுனி, அலசுவதற்குப் போதுமான நேரம், இந்த மூன்றுக்கும் செலவே கிடையாது.

இனி இயற்கை விஷயத்துக்கு வருகிறேன். பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். தலைத்தோலின் பிஎச் அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும், அதாவது லேசான அமிலம். சமையல் சோடா கரைத்த தண்ணீர் 8-ஐத் தாண்டும், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். இரண்டையும் கலந்தால் பொங்கி ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும், மிஞ்சுவது ஒரு வகை உப்புக் கரைந்த தண்ணீர். எது கூடிப்போகிறதோ அது, ஏற்கெனவே சொறிந்து புண்ணான தோலில் எரியும். எலுமிச்சை இனச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வருவதும் உண்டு.

சீயக்காய், பூந்திக்கொட்டை இரண்டிலும் சப்போனின் இருக்கிறது, அதுதான் நுரைத்து அழுக்கை எடுக்கிறது. நல்ல பொருள்கள்தான், எனக்கும் பூந்திக்கொட்டை ஒத்துக்கொள்கிறது. ஆனால் பொடியை அப்படியே தேய்த்தால் நறநறவென்று தோலைக் கீறும். ஊறவைத்து, கொதிக்க விட்டு, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், வண்டல் வரக் கூடாது. கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். பதனப்பொருள் இல்லாததால் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது, குளிர்சாதனப் பெட்டியிலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். கற்றாழையை வெட்டினால் முதலில் மஞ்சளாக ஒரு பால் வடியும், அது அரிக்கும். மடலைச் சாய்த்து வைத்து முழுதும் வடிந்த பிறகு, கழுவி உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள். டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் தடவவே கூடாது, திறந்து நாளான பாட்டிலில் அது காற்றுப்பட்டு மாறி இன்னும் அதிகமாக ஒவ்வாமை தரும்.

வெண்மையாகவோ மஞ்சளாகவோ செதில் உதிர்ந்தால் அது வெறும் வறட்சியாக இருக்காது, பொடுகாக இருக்கலாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்கு உணவே கொழுப்புதான், அதனால் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது நிலைமையைக் கெடுக்கும். கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு தேவைப்படும், அதையும் சில நிமிடம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு வட்ட வட்டமாக முடி உதிர்ந்து செதில் கட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஷாம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர் அவர்களே, வீட்டில் செய்யும் குறிப்புகளே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு குறிப்பின் கீழும், புண்ணான தோலில் போடக் கூடாது, முதலில் கையில் தடவிப் பாருங்கள், யார் தவிர்க்க வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வார இணைப்பில் ஒரு முறை, ஷாம்பு பட்டியலில் வரும் வேதிப்பெயர்களைத் தமிழ் எழுத்தில் போட்டு எது எதற்கு என்று ஒரு கட்டமாக வெளியிட்டால், வெட்டி எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்ள நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி